பலாப் பலகையில் வட ஐரோப்பியப் பழங்கதைக் கடவுள் ஓடின்: எந்தக் கண்?

தக்கலை உளி:
ஒன்றரை அங்குலப் பலாப் பலகையில், மீமிர் என்ற ஞானியின் கிணற்றில் ஒரு கண்ணைக் கொடுத்து அறிவு நீர் குடிக்கும் ஓடினை ஈட்டியோடு செதுக்கணும். எந்தக் கண்? முனை வெடிக்காமல் இருக்க என்ன வழி?

நாகர்கோவில் வாசகன்:
எட்டாக்களில் (இந்தக் கதைகள் உள்ள பழைய ஐஸ்லாந்து நூல்கள்) எந்தக் கண் என்று இல்லை, உங்கள் விருப்பம். ஆனால் ஓடின் ஈட்டிக் காயத்தோடு ஒன்பது இரவு மரத்தில் தொங்கியது ரூன் எனும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகளுக்காக. அது வேறு கதை, கலக்க வேண்டாம். இங்கே கிணறும் இக்ட்ரசில் எனும் உலக மரத்தின் வேரும் போதும்.

குளச்சல் தச்சன்:
வெட்டுமுனையில்தான் ஈரம் வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேயே தொடங்கும். இரு முனையிலும் மெழுகு பூசி, இடையில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து நிழலில் அடுக்குங்க. நம்ம ஊரில் இரண்டு மழையும் உண்டே, அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷமாவது உலர விடணும். பின்புலத்தை அரை அங்குலத்துக்கு மேல் இறக்காதீங்க அண்ணே, ஒரு பக்கம் மட்டும் சதை குறைந்தால் பலகை வளையும். கண்குழியைக் கடைசியில் வளைவு உளியால் எடுங்க.

தக்கலை உளி:
சரி, ஈட்டியை நீக்கிடுறேன்.