கூலி கேட்டால் பேனாவைக் கொடுங்கள்

ஜெர்மனிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வீடு தேடுவது, வங்கிக் கணக்கு தொடங்குவது பற்றியெல்லாம் நிறையப் பேர் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது நம் காதுக்குப் பழகிய மாதிரியே கேட்கும் சில சொற்களைப் பற்றி.

நான் வந்த முதல் வாரம், முகவரியைப் பதிவு செய்ய பூர்கர்அம்ட் என்ற நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். இந்தப் பதிவுக்கு அன்மெல்டுங் என்று பெயர். குடிபுகுந்த 2 வாரத்துக்குள் முடித்தாக வேண்டும். கவுன்டரில் இருந்த அம்மா படிவத்தைப் புரட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. "ஹாபென் ஸீ ஐனென் கூலி?" என்றார். அத்தனையிலும் எனக்குப் பிடிபட்டது கூலி ஒன்றுதான். சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று வேலை ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. விரல்களைச் சேர்த்துக் காற்றில் எழுதிக் காட்டினார். அப்போதுதான் விளங்கியது, பேனா கேட்டிருக்கிறார்.

பால்பாயின்ட் பேனாவுக்கு ஜெர்மனில் முழுப்பெயர் கூகெல்ஷ்ரைபர். கூகெல் என்றால் உருண்டை, ஷ்ரைபர் என்றால் எழுதுவது. அவ்வளவு நீளத்தை யார் தினமும் சொல்வது? கூகெலைச் சுருக்கி, கடைசியில் ஒரு இகரத்தை ஒட்டி, கூலி ஆக்கிவிட்டார்கள். நம் கூலிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் உச்சரிப்பு அச்சு அசல் அதேதான்.

ஜெர்மனில் இன்னொரு கூலியும் உண்டு. அது சுமை தூக்கும் ஆள். ரயில் நிலையத்தில் பெட்டி வைத்துத் தள்ளும் வண்டிக்கு கோஃபர்கூலி என்று பெயர். கோஃபர் என்றால் பயணப்பெட்டி. இந்தக் கூலி ஆங்கிலம் வழியாக இந்தியாவிலிருந்து போனது. தமிழ்க் கூலிதான் மூலம் என்று சொல்பவர்களும் உண்டு, குஜராத்துப் பக்கத்துக் கோலி மக்களின் பெயரே மூலம் என்பவர்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கை, மலாயா, மொரிஷியஸ், 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நட்டால் என்று தோட்ட வேலைக்குக் கப்பலேறிய நம் சனங்களை இந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். தமிழ்க் கூலிதான் மூலம் என்றால், உழைப்புக்கு வாங்கும் பணத்தின் பெயரை உழைத்தவர் மேலேயே ஒட்டி, கடைசியில் அதை வசவாகவும் ஆக்கிவிட்டார்கள். மனிதரைச் சுட்டி அந்தச் சொல் வரும்போது எனக்கு இன்றும் மனசு சுருங்கும். அதனால்தான் புதிதாக வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் உங்களைப் பார்த்துக் கூலி என்றால் கோபப்படும் முன் அவர் கையைப் பாருங்கள். எழுத எதையாவது தேடிக்கொண்டிருப்பார்.

அடுத்தது கஸ்ஸெ. கடையில் பணம் கட்டும் இடம். காசு கட்டும் இடம் கஸ்ஸெ என்று மனசில் பதித்துக்கொள்ளலாம், சீக்கிரம் மறக்காது. ஆனால் இதன் வம்சம் வேறு. இத்தாலியக் காஸாவிலிருந்து வந்தது, அதற்கும் முன்னால் லத்தீனில் பெட்டியைக் குறிக்கும் கப்ஸா. ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலக் கேஷும் அந்தப் பெட்டி வழிதான். நம் காசும் ஊர் சுற்றியிருக்கிறது, ஆனால் வேறு பாதையில். போர்ச்சுக்கீசியர் வாயில் புகுந்து, ஆங்கிலத்தில் அதுவும் கேஷ் ஆகி, நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக் காசுக்கே பெயராகிவிட்டது. கும்பினிக் கால மதராஸில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். அந்தக் காசைத்தான் வெள்ளைக்காரர் கேஷ் என்று கணக்கெழுதினார்கள். ஆக, ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் இரண்டு கேஷ் இருந்திருக்கிறது.

சரி, உங்களுக்கு வேண்டிய விஷயம் இதுதான்: டாக்டர் கிளினிக்கில் எந்தக் கஸ்ஸெ என்று கேட்டால் பர்ஸைத் திறக்காதீர்கள். கிரான்கென்கஸ்ஸெ, அதாவது எந்த மருத்துவக் காப்பீடு என்று கேட்கிறார்கள். காப்பீட்டு அட்டையைக் கொடுத்தால் போதும்.

போன வாரம் ஒரு தங்கை கேட்டிருந்தாள்: "அக்கா, காய்கறிக் கடையில் இங்வெர் என்று எழுதியிருக்கு. இஞ்சி வேர் மாதிரியே இருக்கே, இதுவும் தற்செயல்தானா?"

இல்லைம்மா, இது நம் வீட்டுப் பிள்ளைதான். பாலி மொழியில் சிங்கிவேர, கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ், லத்தீனில் சிங்கிபெர் என்று போய், தேய்ந்து தேய்ந்து இங்வெர் ஆகியிருக்கிறது. அதன் அடியில் திராவிட இஞ்சியும் வேரும் இருப்பதாகத்தான் மொழி ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும்.

அப்புறம், ஆங்கிலம் தெரிந்த தைரியத்தில் வருகிறவர்களுக்கு இரண்டு. ஃபோனில் எண் சொல்லும்போது வாய்தவறி நைன் என்று சொல்லிவிடாதீர்கள். இங்கே அதற்கு இல்லை என்று பொருள். ஒன்பதுக்கு நொய்ன். இருபத்தொன்றையும் இவர்கள் 'ஒன்றும் இருபதும்' என்றுதான் சொல்வார்கள், அதனால் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது, கிஃப்ட். டப்பாவில் அப்படி எழுதியிருந்தால் உள்ளே இருப்பது விஷம். குழந்தை இருக்கும் வீடு என்றால் எட்டாத உயரத்தில் வையுங்கள். இதுவும் ஆங்கில கிஃப்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை, கொடுப்பது என்பதுதான் அடிப்பொருள். வரதட்சணைக்கு இன்றும் மிட்கிஃப்ட் என்றுதான் பெயர்.

பதிவுக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டோடு, வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தரும் குடிபுகுந்த சான்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூலியும் ஒன்று பையில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் தபால்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டிவிடுங்கள். வரி எண் கடிதத்தில்தான் வரும், பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும்.