உப்புத் தண்ணீர் தொட்டியில் புழு: என்ன புழு, மீனுக்கு ஆபத்தா?

கேள்வி (பாளையங்கோட்டை):
வீட்டில் 80 லிட்டர் கடல்மீன் தொட்டி வைத்து நாலு மாதம் ஆகிறது. இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் லைவ் ராக் (உயிர்கள் ஒட்டி வாழும் கடல் கல்). நேற்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது கல் இடுக்கிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு புழு தலையை நீட்டியது. விரல் நீளம் இருக்கும். வெளிச்சம் பட்டதும் உள்ளே போய்விட்டது. கண்ணாடியிலும் வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கிறது. கல்லை எடுத்து வெந்நீரில் போட்டுவிடலாமா?

பதில் (வள்ளியூர்):
வெந்நீர் வேண்டவே வேண்டாம் தம்பி! கல்லில் இருக்கிற நல்ல பாக்டீரியா செத்தால் அம்மோனியா ஏறி மீன்தான் முதலில் போகும். அதைவிடப் பெரிய ஆபத்து உங்களுக்கு. கல்லில் சோவாந்திட் என்ற பூப்போன்ற உயிர் ஒட்டியிருந்தால் அதில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கலாம். கொதிக்க வைத்த ஆவியை மூச்சில் இழுத்து, வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

புழுவின் இரண்டு பக்கமும் வெள்ளை முடி வரிசையாக இருக்கிறதா? கண்ணாடியில் இருப்பது நத்தைக் கூடு மாதிரிச் சுருண்டிருக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
இரண்டுமே ஆமாம் அண்ணாச்சி. புழுவைக் கையால் பிடித்து எடுக்கட்டுமா?

பதில் (வள்ளியூர்):
கை வைக்காதீர்கள். அது பிரிசில் வார்ம். அந்த முடி தோலில் குத்தி ஒடிந்து நிற்கும், எரியும். குத்திவிட்டால் செலோடேப்பை ஒட்டி உரித்தால் பெரும்பாலும் வந்துவிடும். மற்றபடி அது மிச்ச இரையையும் கழிவையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கிற உயிர். செத்த மீனை அது தின்பதைப் பார்த்துவிட்டு, அதுதான் கொன்றது என்று பலர் பழி போடுகிறார்கள். பாவம்.

கண்ணாடியில் இருப்பது ஸ்பைரார்பிட் என்ற குட்டிப் புழு. சுண்ணாம்புக் கூட்டுக்குள் இருந்துகொண்டு தண்ணீரை வடிகட்டித் தின்னும். ஒன்றும் செய்யாது.

புழு கூடிக்கொண்டே போனால் இரை கூடுதல் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு எத்தனை வேளை போடுகிறீர்கள்?

பதில் (தென்காசி):
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பழுப்பு நிறத்தில், முடியே இல்லாமல் தட்டையாகக் கண்ணாடியில் ஊர்ந்தால் அது தட்டைப்புழு. அதற்கு எடுத்தவுடன் மருந்து ஊற்றக் கூடாது. மொத்தமாகச் செத்தால் விஷம் கக்கும். முதலில் டியூப் வைத்து உறிஞ்சி முடிந்தவரை வெளியே எடுங்கள். அப்புறம் மருந்து, கூடவே தண்ணீரிலிருக்கிற விஷத்தை உறிஞ்ச ஆக்டிவேட்டட் கார்பன் (வடிகட்டியில் போடும் கரி).

கேட்டவர்:
தட்டையாக எதுவும் இல்லை. இரை விஷயம் இப்போதுதான் விசாரித்தேன். காலையிலும் ராத்திரியும் நான் போடுகிறேன். நான் வேலைக்குப் போனபின் அம்மாவும் இரண்டு வேளை போட்டிருக்கிறார்கள். இன்றிலிருந்து ஒரு வேளைதான் அண்ணாச்சி. கல் அப்படியே இருக்கட்டும்.