ஆறு பேர், ஆறு நாக்கு: சிங்கப்பூரில் எல்லாரும் சேர்ந்து உண்ண எங்கே போவது?

கேள்வி: ஈசூன் வாசி

அனைவருக்கும் வணக்கம். ஒரே அலுவலகத்தில் பணியைத் தொடங்கி, பிறகு வெவ்வேறு நிறுவனங்களுக்குப் பிரிந்துபோன ஆறு நண்பர்கள் நாங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது சேர்ந்து உண்பது என்ற வழக்கத்தை ஐந்து ஆண்டுகளாக விடாமல் காத்து வருகிறோம். அந்த வழக்கம் இப்போது ஆட்டம் காண்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

நான் மாட்டிறைச்சி தவிர எல்லாம் உண்பேன். எங்களில் இருவர் சைவம். அவர்களில் ஒருவர் முட்டை உண்பார், மற்றவர் முட்டை சேர்ந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். மலாய் நண்பர் ஹலால் உணவு மட்டுமே உண்பவர். சீன நண்பர் எதையும் சுவைத்துப் பார்க்கத் தயங்காதவர் என்பதால் இடத்தைத் தேர்வு செய்யும் பொறுப்பு பெரும்பாலும் அவரிடமே போய்விடுகிறது. ஆறாவது நண்பர் தங்கையின் திருமணக் கடனை அடைக்க மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். அவருக்கு நாக்கில் கட்டுப்பாடு இல்லை, பணப்பையில்தான் உண்டு.

சென்ற முறை ஹலால் சான்று பெற்ற ஒரு கடலுணவு உணவகத்துக்குப் போனோம். மிளகாய் நண்டு இரண்டு, அதன் குழம்பைத் தொட்டுண்ணப் பொரித்த மந்தோ ரொட்டி, மீன், இறால் என்று மேசை நிறைந்தது. சைவ நண்பர்கள் இருவரும் ஒரு தட்டு காய்கறிச் சோற்றையும் கைலான் கீரையையும் பகிர்ந்துகொண்டார்கள். உணவின் விலை ஏறத்தாழ 350 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் ஏறி 420 வெள்ளியை நெருங்கியது. வழக்கம்போல ஆறால் வகுத்தோம். கீரை உண்டவரும் 70 வெள்ளி, நண்டு உண்டவரும் 70 வெள்ளி. யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் இந்த மாதம் நாள் குறிக்கலாம் என்றதும் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் "வேலை" வந்துவிட்டது.

எல்லாரும் மனநிறைவோடு உண்ணக்கூடிய இடம் எது, பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற இரண்டுமே எனக்குத் தெரிய வேண்டும்.

மறுமொழி: பழைய தேக்காக்காரர்

உணவகத்தை மறந்துவிட்டு உணவங்காடி நிலையத்துக்குப் போங்கள். உங்கள் இரண்டு சிக்கல்களையும் ஒரே இடத்தில் தீர்ப்பதற்கென்றே கட்டியது போன்ற அமைப்பு அது. அவரவர் தத்தமக்கு வேண்டிய கடையில் வரிசையில் நின்று, தத்தம் காசைக் கொடுத்து வாங்கி வந்து ஒரே மேசையில் உட்காரலாம். சேவைக் கட்டணம் கிடையாது, ஆறால் வகுக்கும் கணக்கும் கிடையாது. 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோ சிங்கப்பூரின் அங்காடிப் பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்ததற்கு உணவின் சுவை மட்டும் காரணமன்று. பல இனத்தவர் ஒரே மேசையில் அவரவர் உணவை உண்ணும் பழக்கமும் அதில் அடக்கம்.

லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா நிலையத்தையே முதலில் பாருங்கள். தோசையும் அப்பமும் கிடைக்கும். பிரியாணிக் கடைகள் வரிசையாக உண்டு. சீன நண்பருக்கு வாத்துச் சோறும் அதே கூரையின் கீழ் இருக்கிறது. நான் யாரை அழைத்துப் போனாலும் மேசையின் நடுவே ஒரு தட்டு இந்திய ரோஜாக் வைப்பேன். வடை, மாவுப் பொரியல், உருளைக்கிழங்கு, தவ்வு (சோயாக் கட்டி), அவித்த முட்டை என்று நாமே கைகாட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும். அவற்றை மறுபடி எண்ணெயில் காட்டி, நறுக்கி, இனிப்பும் காரமும் கலந்த செக்கச்சிவந்த குழம்போடு தருவார்கள். ரோஜாக் என்ற மலாய்ச் சொல்லுக்குக் கலவை என்று பொருள். இப்போது தமிழ்நாட்டிலிருந்து வரும் என் உறவினர்கள், "இது எந்த ஊர்ப் பலகாரம்?" என்று கேட்பார்கள், எந்த ஊருமில்லை, இங்குள்ள இந்திய முஸ்லிம் கடைக்காரர்களின் கைவண்ணம். ஆனால் இறால் வடையும் அதே எண்ணெயில்தான் பொரிகிறது என்பதால் உங்கள் சைவ நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாலையில் போகாதீர்கள். பல கடைகள் பிற்பகலிலேயே சரக்குத் தீர்ந்து மூடிவிடும். காலை 11 மணிக்குப் போனால் மேசையும் கிடைக்கும். ஒருவர் மேசையில் உட்கார்ந்திருக்கட்டும், அல்லது டிஷ்யூ பொட்டலத்தை வைத்து "சோப்" செய்யுங்கள் (சவர்க்காரத்தைச் சொல்லவில்லை, இடம்பிடிப்பதற்கு இங்குள்ள சொல்). காலாண்டுக்கு ஒரு முறை துப்புரவுப் பணிக்காக நிலையங்களை மூடுவார்கள். அந்த நாள்களைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்பே அறிவிக்கும். பார்க்காமல் போய், பூட்டிய கதவின் முன்னால் ஆறு பேர் நின்ற அனுபவம் எங்களுக்கு உண்டு.

மறுமொழி: கண்டஹார் தெரு

மேலே எழுதிய நண்பர் சொன்னது பெரும்பாலும் சரியே. ஆனால் ஹலால் மட்டும் உண்பவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

பன்றி இறைச்சி உண்ணும் நண்பரோடு ஒரே மேசையில் உட்காருவதில் எனக்குச் சங்கடமில்லை. என் அண்ணனுக்கு உண்டு. எனவே உங்கள் மலாய் நண்பரின் மனநிலையை நாங்கள் யாரும் இங்கிருந்து ஊகித்துச் சொல்ல முடியாது. எல்லாரும் இருக்கும் குழுவில் கேட்காமல், தனியாக அழைத்துக் கேளுங்கள். ஆறு பேர் முன்னிலையில் கேட்டால், "எனக்கு எங்கேயும் பரவாயில்லை" என்றுதான் சொல்வார். நானும் பல ஆண்டுகள் அப்படிச் சொல்லிவிட்டு, போன இடங்களில் தேநீர் மட்டும் அருந்தி வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறேன்.

"பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் இல்லை" என்ற அறிவிப்பு வேறு, முயிஸ் எனும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் தரும் ஹலால் சான்று வேறு. கோழியை எப்படி அறுத்தார்கள், சமையலில் மது சேர்த்தார்களா என்பதைப் பற்றி முதல் அறிவிப்பு எதுவும் சொல்வதில்லை. உணவங்காடி நிலையத்தில் ஹலால் கடைகளின் தட்டுகளும் மற்றவையும் நிறத்தால் வேறுபட்டிருக்கும்; திருப்பி வைக்கும் இடங்களும் தனித்தனி. 2021 செப்டம்பர் முதல் தட்டைத் திருப்பி வைக்காமல் போனால் நடவடிக்கை உண்டு என்பதால் எல்லாரும் வைக்கிறார்கள், ஆனால் அவசரத்தில் இடம் மாற்றி வைத்துவிடுகிறார்கள். உங்கள் குழுவில் ஒருவர் இதைக் கவனித்தால் அந்த மலாய் நண்பர் வாயால் சொல்லாவிட்டாலும் மனத்தில் குறித்துக்கொள்வார்.

தேக்கா அலுத்துப்போனால் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே நார்த் பிரிட்ஜ் சாலையில் 1908 முதல் இருந்துவரும் சம்சம் உணவகத்துக்குப் போங்கள். முர்தபாக் (இறைச்சியும் முட்டையும் உள்ளே வைத்த ரொட்டி) மாவைக் காற்றில் வீசி விரிக்கும் லாவகத்தைப் பார்ப்பதற்கே வாசலில் ஐந்து நிமிடம் நிற்கலாம். பெரிய முர்தபாக் ஒன்றைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம், செலவும் குறைவு. சைவ நண்பர்களுக்கு அங்கே தேர்வு குறுகலாக இருக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி: வாழைக்காய் வறுவல்

குறுகலாக என்று மென்மையாகச் சொல்லிவிட்டார். நான் முட்டையும் உண்ணாத சைவன். இந்த ஊரில் சைவ உணவுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் மற்றவர்களோடு சேர்ந்து போகும்போது மட்டும் பஞ்சம் வந்துவிடும். சிராங்கூன் சாலையில் 1947 முதல் கோமள விலாஸ் இருக்கிறது. அதற்கும் முன்னரே, 1924இல், ஆனந்த பவன் தொடங்கியது. எங்களுக்குப் போக இடமுண்டு. அங்கே மாதந்தோறும் வர மற்ற நால்வருக்கு மனமுண்டா என்பதுதான் கேள்வி.

பொது இடங்களில் கண்ணுக்குத் தெரியாமல் கலப்பவற்றைத்தான் உங்கள் நண்பர்கள் அஞ்சுவார்கள். லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடல்ஸின் குழம்பில் உலர்ந்த இறால் இருக்கும். கங்கோங் கீரையைப் பெரும்பாலும் பெலாச்சான் என்ற இறால் விழுதோடுதான் வதக்குவார்கள். "கேரட் கேக்" என்ற பெயரை நம்பி ஏமாந்தவர்கள் பலர்; அது முள்ளங்கியும் அரிசிமாவும் முட்டையும் சேர்ந்த பொரியல், கேரட்டும் இல்லை, கேக்கும் இல்லை. ரொட்டியில் தடவும் காயாவிலும் முட்டை உண்டு. புரோட்டாவுக்குத் தரும் பருப்புக் குழம்பில் இறைச்சிக் குழம்பைக் கலந்திருக்கிறார்களா என்று கடைக்குக் கடை கேட்க வேண்டும். "சைவமா?" என்று கேட்டால் "ஆமாம், கோழி இல்லை" என்று பதில் வரும், அதனால் பொருளின் பெயரைச் சொல்லியே கேட்கப் பழகிவிட்டேன்.

ஒரு மாதமாவது வாட்டர்லூ தெருவுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே குவான் இம் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. சீன அன்பர்கள் குவான் இம் கோயிலில் வணங்கிவிட்டு கிருஷ்ணன் கோயிலுக்கும் வந்து ஊதுவத்தி ஏற்றுவதை நாள்தோறும் காணலாம். பக்கத்திலுள்ள ஃபார்ச்சூன் சென்டர் கட்டடத்தில் சைவக் கடைகள் பல உள்ளன. பௌத்த முறைச் சீனச் சைவத்தில் பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்ப்பதில்லை என்பதால் நம்முடைய சைவத்தை விடவும் அது கடுமையானது, ஆனால் சில கடைகளில் முட்டை உண்டு. சோயாவிலும் காளானிலும் செய்த "வாத்து", "மீன்" எல்லாம் தட்டில் வரும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கும். என் அசைவ நண்பர்கள் அவற்றைத்தான் விரும்பி உண்கிறார்கள். சைவக் கடை என்பதாலேயே ஹலால் சான்று இருக்கும் என்று எண்ணிவிட வேண்டா. அதைத் தனியே பார்க்க வேண்டும்.

மறுமொழி: கணக்குப்பிள்ளை

எல்லாரும் உணவங்காடிக்கே அனுப்புகிறீர்கள். நான் மாறுபடுகிறேன். அவரவர் தட்டை அவரவர் உண்பதில் செலவுச் சிக்கல் தீரும் என்பது உண்மை. ஆனால் நடுவில் ஒரு பெரிய பாத்திரத்தை வைத்து எல்லாருடைய கையும் அதை நோக்கி நீளும்போது வரும் பேச்சு வேறு. மேலும் சனிக்கிழமை நண்பகலில், பக்கத்தில் ஒருவர் தட்டோடு நின்று நம் மேசை எப்போது காலியாகும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது ஐந்து ஆண்டுக் கதையை எப்படிப் பேச முடியும்?

ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன் தலைக் கறி உண்ணாமல் இந்த ஊரில் நட்பு வளர்த்தேன் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. 1949 வாக்கில் கேரளத்தைச் சேர்ந்த எம். ஜே. கோமஸ் என்பவர், மீன் தலையை விரும்பி உண்ணும் சீன வாடிக்கையாளர்களுக்காக நம் குழம்பில் அதை இட்டு விற்கத் தொடங்கினார் என்பார்கள். முத்தூஸ் கறி உணவகம் 1969இலும் பனானா லீஃப் அப்போலோ உணவகம் 1974இலும் தொடங்கின. ஒரு தலையைத் தனியாளாக உண்ண முடியாது, நான்கு பேராவது வேண்டும். கன்னச் சதை யாருக்கு என்று எங்கள் குழுவில் ஒவ்வொரு முறையும் வழக்கு நடக்கும்.

இனிப் பணம். ஆறால் வகுப்பது எளிது, ஆனால் உங்கள் குழுவுக்குப் பொருந்தாது. நாங்கள் செய்வது இதுதான்: நடுவில் வைத்த உணவை அதை உண்டவர்கள் மட்டும் பகிர்வார்கள், தனியே வாங்கியதை வாங்கியவரே ஏற்பார். ஒவ்வொருவரின் தொகையையும் 1.199ஆல் பெருக்கினால் சேவைக் கட்டணமும் வரியும் அடங்கிவிடும், ஏனென்றால் 100 வெள்ளி உணவு 119 வெள்ளி 90 காசாக முடிகிறது. ஒருவர் மொத்தமாகச் செலுத்தியதும் மற்றவர்கள் மேசையை விட்டு எழுமுன் பேநவ்வில் (கைப்பேசிவழி உடனடிப் பணமாற்று) அனுப்பிவிடுவார்கள். "பிறகு தருகிறேன்" என்ற சொல்லுக்கு எங்களிடம் இடமில்லை. கடன் பட்ட நண்பரை அது இன்னும் சங்கடப்படுத்தும்.

கடலுணவு உணவகத்தில் நண்டின் விலை எடைக்கு என்றால் எடையையும் மொத்தத் தொகையையும் சமைக்கும் முன்பே கேளுங்கள். கேட்காமல் வந்து வைக்கும் வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும் தனிக் கட்டணம் உண்டு, வேண்டாமென்றால் எடுத்துப்போவார்கள். அதைக் கேட்க வெட்கப்பட்டு நான் செலுத்திய காசில் இந்நேரம் ஒரு மீன் தலை வாங்கியிருக்கலாம்.

மறுமொழி: ஈசூன் வாசி

அனைவருக்கும் நன்றி. கண்டஹார் தெரு நண்பர் சொன்னபடி மலாய் நண்பரைத் தனியாக அழைத்துப் பேசினேன். ஒரே மேசையில் யார் எதை உண்டாலும் அவருக்குத் தடையில்லையாம். ஆனால் சென்ற ஆண்டு நாங்கள் போன இடங்களில் இரண்டில் அவர் வெறும் எலுமிச்சைச் சாறு மட்டுமே அருந்தினார் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இனிமேல் இடத்தைத் தேர்வு செய்யும் பொறுப்பு, தேர்வு மிகக் குறைவாக உள்ளவரிடமிருந்து தொடங்கிச் சுற்றி வரும் என்று முடிவு செய்திருக்கிறோம். முட்டையும் உண்ணாத நண்பருக்கு முதல் முறை. மீன் தலை, அதை உண்ணும் நால்வருக்கு மட்டும் தனியாக ஒரு நாள்; கணக்குப்பிள்ளையின் 1.199ஐ அன்று பயன்படுத்துவோம்.

முதல் முறைக்குத் தேக்காதான் என்று நினைத்திருந்தோம். நாள் குறித்த பிறகு சீன நண்பர் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார்: அந்தச் சனிக்கிழமை சீன மாதத்தின் பதினைந்தாம் நாளாம், தாயாருக்குக் கொடுத்த வாக்கின்படி முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அவர் சைவம் மட்டுமே உண்பாராம். ஐந்து ஆண்டுகளாக எங்களுக்குத் தெரியாது. எனவே வாட்டர்லூ தெரு என்று மாற்றிவிட்டோம். ஹலால் சான்றுள்ள கடையை மலாய் நண்பரே தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நண்பகல் 12 மணிக்குப் போனால் ஆறு பேருக்கு இடம் கிடைக்குமா?

மறுமொழி: வாழைக்காய் வறுவல்

பதினைந்தாம் நாளிலா? கிடைக்காது. கோயிலிலிருந்து வரும் கூட்டம் முழுவதும் அங்கேதான் உண்ணும். 11 மணிக்கு முன்னரே ஒருவரை அனுப்பி மேசையைப் பிடியுங்கள். டிஷ்யூ பொட்டலத்தை அன்று யாரும் மதிக்கமாட்டார்கள், ஆளே உட்கார வேண்டும்.