‘தாவரக் காப்புரிமை’யா, ‘போத்துக் காப்புரிமை’யா?

எல்லாருக்கும் வணக்கங்க. நம்ம கலைச்சொல் பட்டியல்ல பிளான்ட் பேட்டன்ட்டுக்கு, அதாவது புதுச் செடி ரகத்துக்கு அமெரிக்காவுல குடுக்கற தனி உரிமைக்கு, ‘தாவரக் காப்புரிமை’ன்னே வெச்சிரலாம்னு நெறையப் பேர் சொல்லியிருக்கீங்க, எனக்கு மனசு ஒப்பல. அமெரிக்காவுல 1930ல வந்த அந்தச் சட்டம் செடி மேல பொத்தாம்பொதுவா உரிமை குடுக்கல, போத்து (வெட்டி நட்டா வேர் பிடிக்கற குச்சி), பதியன், ஒட்டுன்னு விதையில்லாம பெருக்குன புது ரகத்துக்குத்தான் குடுக்குது, அதுலயும் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு நட்டு வர்ற பயிருக்குக் கிடையாது. 1931ல முதல் பேட்டன்ட் வாங்குனது ‘நியூ டான்’ங்கற கொடி ரோஜா. அந்த மாதிரி பேட்டன்ட் இருக்கற ரோஜாவுல விதை எடுத்து முளைக்க வெச்சா சட்டம் தடுக்காது, ஆனா குச்சி வெட்டி வேர் பிடிக்க வெச்சா, வீட்டு வாசல்ல வெக்க ஒண்ணே ஒண்ணுன்னாலும் அங்க அது மீறல்தான். இந்த உரிமை இப்ப விண்ணப்பிச்ச நாள்ல இருந்து 20 வருசம் இருக்கும். அப்ப காவல் இருக்கறது போத்து மேலதானே, பேர்லயும் அது தெரியணும்.

‘போத்து’ ஊர்ப்பேச்சு, ‘தண்டுத்துண்டு’ன்னு போடுங்கன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க. முருங்கைப் போத்துன்னா நம்ம சேலத்துல தெரியாதவங்க யாரு? ஏற்காட்டுல மழை நேரத்துல பென்சில் கனத்துக்கு செம்பருத்திக் குச்சி எடுத்து, மூணு நாலு கணு விட்டு, அடிக்கணுவுக்குக் கீழ சாய்வா வெட்டி, மேல்வெட்டுல சாணி அப்பி மண்கவர்ல குத்தி வெக்கிறவங்களுக்குப் புரியற சொல்லுதான் நிக்கும். பதியனும் ஒட்டும் இதுல வராதேன்னா, அதை விளக்கத்துல ஒரு வரி சேத்துக்கலாம். ‘பதியன் உரிமை’ மட்டும் வேண்டாங்க, பதிப்புரிமையோட கொழப்பிக்குவாங்க.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். நம்ம நாட்டுல செடிக்கு பேட்டன்ட்டே கிடையாது, 1970 காப்புரிமைச் சட்டத்தோட 3ஆவது பிரிவு செடி, விதை, ரகம் எல்லாத்தையும் விலக்கி வெச்சிருக்கு. இங்க இருக்கறது 2001ல வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம், அதுல பதிவான ரகத்துக்கு 15 வருசம், மரத்துக்கும் கொடிக்கும் 18. நர்சரிக்காரர் அந்த ரகத்தை வியாபாரத்துக்குப் பெருக்கணும்னா உரிமைக்காரர்கிட்ட அனுமதி வாங்கணும், ஆனா விவசாயி தன் விளைச்சல்ல எடுத்து வெச்ச விதையை பிராண்டு போடாம விதைக்கலாம், மாத்திக்கலாம், விக்கவும் செய்யலாம். அந்தச் சட்டத்துல ‘விதை’ன்னா நட்டா அதே ரகமா வளரக்கூடிய போத்தும் சேத்தி, அதனால அங்க வெறும் ‘விதை’ன்னு மொழிபெயர்த்தா தப்பாப் போயிரும், ‘நடவுப்பொருள்’னு போடணும். ரெண்டு சட்டத்துக்கும் ஒரே பேர் வெச்சா, அமெரிக்க லேபிளைப் பாத்துட்டு ஏற்காட்டுல ஒருத்தர் பயந்து கைய எடுத்துருவாரு, அந்த பேட்டன்ட் இங்க செல்லவே செல்லாது. அதே சமயம் இங்க பதிவான ரகத்தை, ‘நம்ம ஊர்லதான் பேட்டன்ட் இல்லியே’ன்னு இன்னொருத்தர் ஆயிரக்கணக்குல பெருக்கி வித்து மாட்டிக்குவாரு.

அதனால அமெரிக்காவுல இருக்கறதுக்கு ‘போத்துக் காப்புரிமை’, நம்ம சட்டத்துல இருக்கறதுக்கு ‘ரக உரிமை’ன்னு தனித்தனியா பதியலாம்னு கேட்டுக்கறேன். தஞ்சாவூர், நெல்லைப் பக்கம் போத்துக்கு வேற சொல்லு புழங்குதுன்னா எழுதுங்க, அதையும் பக்கத்துலயே சேத்துருவோம்.