பிழை வந்தால் ஃபீல்டே மறைந்துவிடுகிறது (ஏஎஸ்/400, டிடிஎஸ்)

புதுசு_ஆர்பிஜி:
வணக்கம். ஜாவாவிலிருந்து ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கம்ப்யூட்டர் பக்கம் தள்ளிவிட்டு மூன்று மாதம் ஆகிறது. சரக்கு வரவு ஸ்கிரீனில் 'அளவு' என்று ஒரு ஃபீல்ட், டிடிஎஸ்ஸில் (ஸ்கிரீன் வடிவத்தை எழுதும் மொழி) அதற்கு டிஎஸ்பிஏடிஆர் என்ற தோற்றக் கீவேர்டில் யூஎல் கொடுத்து அடிக்கோடு போட்டிருக்கிறேன். தப்பான எண் அடித்தால் இண்டிகேட்டர் 31 (ஆன்/ஆஃப் கொடி) ஆன் ஆகும், உடனே எச்ஐ, ஆர்ஐ இரண்டும் சேர்ந்து எழுத்து பளிச்சென்றும் பின்னணி தலைகீழாகவும் தெரிய வேண்டும். ஆனால் 31 ஆன் ஆனதும் அடித்த எண்ணே கண்ணில் படுவதில்லை! கர்சர் மட்டும் அங்கே நிற்கிறது. டீபக்கில் பார்த்தால் மதிப்பு பத்திரமாக இருக்கிறது. டெர்மினலைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளின் கோளாறா? இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பச்சைத்திரை:
எமுலேட்டரைத் திட்டாதீர்கள், அது கேட்டதைத்தான் செய்கிறது. 5250 டெர்மினல் திரையில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் முன்னால் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதன் தோற்றத்தைச் சொல்லும் ஒரு அட்ரிபியூட் பைட் உட்கார்ந்திருக்கும் (இரண்டு ஃபீல்டை ஒட்டி வைக்க முடியாததும் இதனால்தான்). சாதாரணப் பச்சைக்கு அந்த பைட்டின் மதிப்பு ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 20. ஆர்ஐ போட்டால் அதோடு 1 கூடும், எச்ஐக்கு 2, யூஎல்லுக்கு 4. மூன்றையும் கூட்டுங்கள், 27 வருகிறதா? அந்த 27-க்கு 'காட்டாதே' என்று பொருள். பாஸ்வேர்டுக்குப் போடும் என்டியும் அதே 27-தான். பிழை வரும்போதெல்லாம் உங்கள் அளவு ஃபீல்டைப் பாஸ்வேர்டு ஃபீல்டாக மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். 1977-இல் ஐபிஎம் சிஸ்டம்/34 கம்ப்யூட்டருடன் வந்த டெர்மினல் குடும்பம் இது, ஒரே பைட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்கியிருக்கிறார்கள்.

எச்ஐயை எடுத்துவிடுங்கள், ஆர்ஐ மட்டும் போதும்.

கிடங்குக்காரன்:
மேலே சொன்னது சரி. எச்ஐயை வைத்துக்கொண்டு, 31 ஆன் ஆகும்போது யூஎல்லை மட்டும் கழற்றிவிடலாம் என்று தோன்றும், நானும் அப்படிச் செய்து முழித்திருக்கிறேன். உள்ளீட்டு ஃபீல்டுக்கு அடிக்கோடு கேட்காமலே வரும், அதை நிறுத்த சிஎச்ஜிஐஎன்பிடிஎஃப்டி என்ற கீவேர்டு வேண்டும். அதற்குப் பதில் கலர் ரெட், ஆர்ஐ இரண்டையும் போடுங்கள். சிவப்பு தொடங்குவது 28-இல், ஆர்ஐயும் அடிக்கோடும் சேர்ந்தால் 2டி, நன்றாகவே தெரியும். கூடவே டிஎஸ்பிஏடிஆர் பிசியும் கொடுத்தால் கர்சர் அங்கே போய் நிற்கும். பல ஃபீல்டில் பிழை இருந்தால் முதலாவதில் நிற்கும்.

புதுசு_ஆர்பிஜி:
சிவப்பாகப் பளிச்சென்று வருகிறது, ரொம்ப நன்றி! அப்படியே இன்னொன்று. 'செக் எம்இ' போட்டால் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று படித்தேன். ஆனால் எதையும் தொடாமல் என்டர் அடித்தால் தடுக்காமல் விட்டுவிடுகிறது.

பச்சைத்திரை:
ஸ்கிரீனில் ஏதாவது ஒரு ஃபீல்டாவது மாறியிருந்தால்தான் எம்இ விழித்துக்கொள்ளும். மாறியதா இல்லையா என்பதை எம்டிடி என்ற ஒரு பிட் சொல்லும். ஒரு ஃபீல்டுக்கு டிஎஸ்பிஏடிஆர் எம்டிடி போட்டு அதை முன்கூட்டியே ஆன் செய்துவையுங்கள், தடுக்கும். ஆனால் ஒரே ஒரு ஸ்பேஸ் தட்டினாலும் 'நிரப்பியாயிற்று' என்று எம்இ ஒத்துக்கொள்ளும், எனக்கு அதன்மேல் நம்பிக்கை போய் ரொம்ப காலம் ஆகிறது.

புதுசு_ஆர்பிஜி:
இப்போதுதான் ஸ்பேஸ் தட்டிப் பார்த்தேன். அளவு 0 என்று அழகாகப் பதிவாகிறது. சரி, ஆர்பிஜி புரோகிராமிலேயே ஒரு இஃப் போட்டுவிடுகிறேன்.