ஏர் தொடாத காட்டில் எல்ஃபுகள் எதை உண்பார்கள்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் எழுதிவரும் மிகைபுனைவு நாவலில் ஏறத்தாழ 20,000 எல்ஃபுகள் (ஐரோப்பியக் கதைகளில் வரும், மனிதரைப் போன்ற மாய இனத்தவர்) குளிர்நாட்டு ஓக் காடொன்றில் வாழ்கிறார்கள். அவர்களுடைய ஆயுள் 1000 ஆண்டு. மண்ணைக் கீறுவதைப் பாவமாகக் கருதுவதால் அவர்களிடம் ஏர் கிடையாது. முதல் வரைவைப் படித்த என் தோழி, "இத்தனை பேருக்கும் அன்றாடம் உலையில் என்ன வேகும்?" என்று கேட்டபோது, பழம், தேன், கீரை என்பதற்கு மேல் எனக்கு விடை தெரியவில்லை. கதையின் நடுவில் மனிதப் படையொன்று மூன்று ஆண்டுகள் அக்காட்டை முற்றுகையிடுகிறது. எனவே உணவு வெறும் அலங்காரமாக இருந்துவிடக் கூடாது; மந்திரத்தால் வரவழைப்பதிலும் எனக்கு விருப்பமில்லை. வயிற்றை நிரப்பும் மாவுப்பொருள் அவர்களுக்கு எங்கிருந்து கிடைக்கும், அதை எப்படிச் சமைப்பார்கள் என்று சொல்ல முடியுமா?

பதில் 1

தோழி, நீங்கள் தேடும் மாவு உங்கள் ஓக் மரங்களிலேயே காய்க்கிறது. கலிபோர்னியாவின் போமோ, மிவோக் முதலிய தொல்குடியினருக்கு ஓக் கொட்டைதான் முதன்மை உணவாக இருந்தது. டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்த அந்தக் கொட்டையைப் பச்சையாக வாயிலிட்டால் துவர்ப்பில் நாக்கு மரத்துப்போகும். அதனால் அதை உலர்த்தி, ஓடு நீக்கி, கல்லில் இடித்து மாவாக்கி, மணலில் குழித்த தொட்டியில் பரப்பி, துவர்ப்பு முழுதும் இறங்கும்வரை திரும்பத் திரும்பத் தண்ணீர் வார்ப்பார்கள். பிறகு நீர் ஒழுகாதபடி நெருக்கமாகப் பின்னிய கூடையில் மாவையும் தண்ணீரையும் இட்டு, நெருப்பில் பழுக்கக் காய்ந்த கற்களை உள்ளே போட்டுக் கஞ்சியாக்குவார்கள். கல் விழுந்ததும் கஞ்சி சீறிக் கொதிக்கும். கூடை கருகிவிடாமல் அந்தக் கல்லைத் துடுப்பால் ஓயாது நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் காட்சியை நீங்கள் அவசியம் எழுத வேண்டும் என்பது என் ஆசை.

யாழ்ப்பாணத்தில் ஒடியற்கூழ் காய்ச்சுவதற்கு முன் என் அம்மம்மா ஒடியல் (உலர்த்திய பனங்கிழங்கு) மாவை ஊறவிட்டு, மாவு அடியில் படிந்ததும் மேல்நீரை இறுத்து, விரல் நுனியால் தொட்டு நாவில் வைத்துப் பார்ப்பார். கசப்பு மிஞ்சியிருந்தால் இன்னொரு தண்ணீர். அந்த ஒரு விரல் அசைவே உங்கள் எல்ஃப் கிழவியை உயிருள்ளவளாக்கிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓக் மரம் ஆண்டுதோறும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடு முழுவதும் ஒருசேரக் காய்த்துக் கொட்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் விளைச்சல் மிகவும் மெலிந்துவிடும். ஆகவே உங்கள் எல்ஃபுகளுக்குக் களஞ்சியம் இல்லாமல் வாழ்வில்லை. முற்றுகை நல்ல காய்ப்புக்குப் பின் தொடங்குகிறதா, மெலிந்த ஆண்டில் தொடங்குகிறதா என்பதைப் பொறுத்துக் கதையே மாறிவிடும். கலிபோர்னியக் குடிகள் மரத்தடியில் சிறு தீயிட்டுப் புதரையும், கொட்டையைத் துளைக்கும் வண்டையும் கட்டுப்படுத்தினார்கள். ஏர் இல்லை என்பதால் வேளாண்மை இல்லை என்று ஆகிவிடாது. அது கைபடாத காடும் அன்று.

பதில் 2

மேலே எழுதியவரோடு உடன்படுகிறேன். ஆனால் ஓக்கை மட்டும் நம்பியிருக்காமல் செஸ்நட் என்னும் மாவுச்சத்துள்ள கொட்டை மரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெற்கு பிரான்சின் செவென் மலைப்பகுதியில் அதை ரொட்டி மரம் என்றே அழைத்தார்கள். அங்கே செஸ்நட் உலர்த்துவதற்கென்றே இரண்டு தட்டுள்ள சிறு கல்வீடுகள் உண்டு. கீழே வாரக்கணக்கில் மெல்லிய தணல் புகைந்துகொண்டிருக்க, மேலே இடைவெளி விட்டு அடுக்கிய கழிகளின் மீது கொட்டைகள் கிடந்து காயும். கோர்சிகா தீவை ஆண்ட ஜெனோவா அரசு 1584-இல் நிலமுடையோர் மரம் நடவேண்டும் என்று கட்டளையிட்டபோது, அந்தப் பட்டியலில் செஸ்நட்டும் இருந்தது. பிற்காலத்தில் அத்தீவின் மலைக்குடிகள் பலவும் அதன் மாவைக் களியாகக் கிண்டியே உயிர் வளர்த்தன. இந்த மாவில் கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் பசைப் புரதம் இல்லாததால் ரொட்டி உப்பி எழாது. உங்கள் விருந்துக் காட்சியில் பஞ்சு போன்ற ரொட்டியை வைத்திருந்தால் தயவுசெய்து தட்டையாக்கிவிடுங்கள்.

1000 ஆண்டு ஆயுள் என்பதை நீங்கள் இன்னும் முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்று நினைக்கிறேன். நம்மில் பாட்டன் நட்ட மரத்தைப் பேரன் உண்கிறான். எல்ஃபோ தான் ஒட்டுக்கட்டிய கன்று முதிர்ந்து, பட்டுப்போவதையும் தானே பார்ப்பாள். ஆண்டுக்கொரு முறை விதைத்து அறுப்பது அவளுக்கு அவசரக்காரர் வேலையாகத் தோன்றும். இத்தாலியின் மோதெனாவில் மரபுவழிப் பால்சமிக் வினிகரை (திராட்சைச் சாற்றுக் காடியை) அளவில் சிறுத்துக்கொண்டே போகும் மரப்பீப்பாய்களில் வரிசையாக மாற்றி, குறைந்தது 12 ஆண்டு, உயர்ந்த வகையை 25 ஆண்டு முதிரவைக்கிறார்கள். 300 ஆண்டு முதிர்ந்த காடியை ஒரு துளி மட்டும் களியின் மீது விடும் எல்ஃப் இல்லத்தை நினைத்துப் பாருங்கள்.

பதில் 3

உப்பை யாரும் குறிப்பிடவில்லை. மான் இறைச்சியும் ஆற்றுமீனும் குளிர்காலத்துக்குச் சேமிக்க வேண்டுமானால் உப்பு வேண்டும், ஓக் காட்டில் அது விளையாது. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் மலையில் 3000 ஆண்டுகளுக்கு முன்பே உப்பு வெட்டி எடுத்தார்கள். அப்படியொரு மலை யார் கையில் இருக்கிறது என்று முடிவு செய்யுங்கள். முற்றுகையிடும் தளபதி அறிவுள்ளவனாக இருந்தால் முதலில் அந்த வழியைத்தான் அடைப்பான்.

முற்றுகை என்றதும் எனக்குப் புறநானூற்றின் 109-ஆம் பாடல் நினைவுக்கு வந்தது. பாரியின் பறம்பு மலையைச் சூழ்ந்த மூவேந்தரிடம் கபிலர், உழவர் உழாமலே அங்கு நான்கு பொருள்கள் விளைகின்றன என்கிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். போரிட்டு அம்மலையைப் பெற முடியாது, பாடியும் ஆடியும் சென்றால் பாரி நாட்டையும் குன்றையும் சேர்த்தே கொடுத்துவிடுவான் என்றும் சொல்கிறார். உணவுள்ள காட்டைப் பசியால் வெல்ல முடியாதென்றால், உங்கள் மனிதப் படை வேறு எந்த வழியை நாடும்?

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முற்றுகையை மெலிந்த காய்ப்பின் இரண்டாவது ஆண்டில் தொடங்குவதென முடிவு செய்துவிட்டேன். களஞ்சியம் பாதி காலியாக இருக்கும், உப்பு வழி அடைபட்டிருக்கும். விருந்துக் காட்சியை நீக்கிவிட்டு, ஆற்றோரத்தில் ஒரு கிழவி ஈர மாவை விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்ப்பதாக முதல் அத்தியாயத்தைத் திருத்தி எழுதுகிறேன். அம்மம்மாவின் கூழைப் பற்றி எழுதியவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: கசப்பு போய்விட்டதென்று அவர் எத்தனையாவது தண்ணீரில் சொல்வார்?

பதில் 1 எழுதியவர்

பெரும்பாலும் மூன்றாவது தண்ணீரில். என்றாலும் அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. நாக்குச் சொன்னால்தான் அடுப்பை மூட்டுவார்.