தேமாங்கனி தேமா கருவிளம் தேமா

குழு: மேலத்தெரு வீடு

முருகேசன் சித்தப்பா: நாளைக் காலை 8 மணிக்கு வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். சீட்டில் உள்ள 'ஈசாஃபகோகேஸ்ட்ரோடியோடினாஸ்கோபி' என்ற பெயரை வாசிப்பதற்குள் நெஞ்செரிச்சல் கூடிவிட்டது.

பிரபு: ஆங்கில எழுத்துகளில் சுருக்கி ஓ.ஜி.டி. என்று சொன்னால் போதும் சித்தப்பா.

முருகேசன் சித்தப்பா: தெரியும்டா. பில் போடும் இடத்தில் முழுசாகச் சொல்லிப் பார்த்தேன். "ஈசோபா கேஸ்..." என்றதுமே பின்னால் நின்றவர், "சிலிண்டர் பதிவு இங்கே இல்லை சார்" என்கிறார்.

காவ்யா: 😂 குழாய் இறங்கும் வழிதான், சித்தப்பா, அந்தப் பெயர். ஈசாஃபகோ, உணவுக்குழல். கேஸ்ட்ரோ, இரைப்பை. டியோடினோ, சிறுகுடலின் முதல் துண்டு. ஸ்கோபி என்றால் பார்ப்பது.

காவ்யா: ஆனால் வாயில் வரும்போது வெட்டு மாறும். ஸ்கோபியின் 'ஸ்' முன்னால் உள்ள துண்டோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஈ-சா-ஃப-கோ-கேஸ்ட்-ரோ-டி-யோ-டி-னாஸ்-கோ-பி. அழுத்தம் 'னாஸ்' மேல், எண்டாஸ்கோபியில் 'டாஸ்' மேல் விழுகிற மாதிரி.

பிரபு: எண்ணினால் 12 வருகிறது. டியோடினம் என்றாலே பன்னிரண்டுதானே?

காவ்யா: ஆமாம்! அலெக்சாந்திரியாவில் ஹீரோஃபிலஸ் என்ற கிரேக்க மருத்துவர், 12 விரல் அகல நீளம் என்று வைத்த பெயர். லத்தீனில் அது டியோடினம் ஆனது. சுமார் 25 செ.மீ.

முருகேசன் சித்தப்பா: விரலை வைத்து ஸ்கேலில் அளந்தேன். 22தான் வருகிறது.

கமலா அத்தை: செய்யுள் மாதிரி அசை பிரித்து அலகிட்டுப் பார்த்தேன். ஈசாஃபகோ, தேமாங்கனி. கேஸ்ட்ரோ, தேமா. டியோடினாஸ், கருவிளம். கோபி, தேமா. காவ்யாவுக்கு 12, எனக்கு 9 அசைதான். ஃபகோ, டியோ, டினாஸ் மூன்றிலும் குறில் அடுத்த எழுத்தோடு சேர்ந்து ஒரே நிரையசை ஆகிவிட்டது.

பிரபு: வெண்பா எழுதலாமா அத்தை?

கமலா அத்தை: கனிச்சீர் வந்துவிட்டதே, ஆகாது.

முருகேசன் சித்தப்பா: 🎤 குரல் செய்தி 0:41

காவ்யா: நன்றாக வருகிறது சித்தப்பா! மூச்சை மட்டும் 'ரோ'வுக்கு அப்புறம் வாங்குங்கள், 'டியோ' நடுவில் வேண்டாம். இன்னொன்று, இரவு 10 மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது. வயிறு காலியாக இருந்தால்தான் உள்ளே தெரியும்.

கமலா அத்தை: முருகேசா, அதிரச டப்பா சமையலறைப் பரணில் இருப்பது எனக்குத் தெரியும்.

முருகேசன் சித்தப்பா: அக்கா, மணி இன்னும் 9:50தான்.